பொட்டு வைத்த ஆட்டக்காரர்கள்

அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் எனக்கு ஒரு வேலை வந்தது. மலாக்காவுக்கு வெளியே பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைக் காயக் கம்பில் தொங்கப் போடுகிற வேலை. கங்காணி எங்கள் வீட்டு வாசல் வரை வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"சைக்கிள் இருக்கா ஒனக்கு?"

"இல்லைங்க. நடந்து வந்துடுவேன்."

"நடந்து வர்றவன் ஒரு வாரம் வருவான். மழை புடிச்சா படுத்துடுவான். விடியக்கால பெரட்டுல பேரு கூப்புடுறப்போ நீ நிக்கணும். சைக்கிளோட ஒண்ணாந்தேதி வா. இல்லாட்டி வேற ஆளு இருக்கு."

பெரட்டு என்பது தோட்டத்தில் ஆளைக் கூப்பிட்டு எண்ணுகிற நேரம். அதில் நிற்காதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அம்மா பக்கத்தில் இருந்த கம்போங் செட்டிக் குடியிருப்பில் நாலு வீட்டுக்கு மிளகாய் இடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதில் சாப்பாடு நடக்கும், சைக்கிள் வராது. எங்களிடம் விற்க என்று இருந்தது ஒரே ஒரு பொருள்தான். அப்பாவின் பிஸ்கட் டின்.

அந்த டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே நாற்பது வயதுக்கு மேல்தான்.

அப்பாவுக்கு பண்டார் ஹிலிரில், துரைமார் கிளப்பின் திடலில் வேலை. கடல் அப்போது திடலை ஒட்டியே இருந்தது. இப்போது மண்ணைக் கொட்டி அதைத் தூரத் தள்ளிவிட்டார்கள். அப்பா அங்கே புல் வெட்டுவார், உருளை ஓட்டுவார். கிரிக்கெட் ஆடுகிற நடுத் தரையில் ஒரு பள்ளம் விழக்கூடாது. உருளையை இழுக்க ஒரு மாடு இருந்தது. மாட்டின் குளம்பு புல்லைக் கிழித்துவிடும் என்று அதன் நாலு காலுக்கும் சாக்கைச் சுற்றிக் கட்டுவார். தினமும் காலையில் மாட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கித் தன் தொடையில் வைத்துக் கட்டுவார். மாடும் பிள்ளையைப் போலக் காலை நீட்டும். ஒரு நாள் சாக்குக் கயிற்றை அறுக்கும்போது அரிவாள் வலது கை மோதிர விரலில் இறங்கிவிட்டது. காயம் ஆறியது, ஆனால் விரல் நுனியில் சரிவாக ஒரு கோடு நின்றுவிட்டது. அந்த மாடு எப்படிச் செத்தது என்பது வேறு கதை, அது இங்கே வேண்டாம்.

இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் திடலில் இருந்தும் அப்பாவுக்கு ஆட்டம் புரியவில்லை. "யாருப்பா ஜெயிச்சது?" என்று கேட்டால், "சாயங்காலம் வரைக்கும் வெளையாண்டாங்க" என்பார். ஆனால் ஆடுகிறவர்களின் முகம் அவருக்குப் பிடிக்கும். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் சின்னதாக ஓர் அட்டைப் படம் வரும். சீட்டுக்கட்டுச் சீட்டில் பாதி இருக்கும். ஒரு பக்கம் ஆட்டக்காரனின் படம் கலரில், மறு பக்கம் இங்கிலீஷில் அவன் சங்கதி, ஒரு நம்பர். துரைமார் சிகரெட்டை எடுத்துக்கொண்டு பெட்டியைப் புல்லில் வீசிவிடுவார்கள். அப்பா பொறுக்கி, உள்ளே இருக்கிற படத்தை உருவி, மடியில் முடிந்து வருவார். நான் பிறப்பதற்கு முன்பே சேர்க்கத் தொடங்கியவை. முதல் உலகச் சண்டைக்கு முந்தின படங்கள்கூட அதில் இருந்தன. ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால் அப்பா கண்ணை மூடியபோது, டின் நிறைந்து மூடி சரியாக உட்காராத அளவு ஆகியிருந்தது.

முதலில் நான் செய்ததை யோசித்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஒரு கைப்பிடிப் படத்தை எடுத்துக்கொண்டு மிஷன் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே ஆட்டக்காரன்தான் வேண்டியிருந்தது. அவன் பெயரைக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது. மற்றப் படங்களைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது மூலை மடங்கிவிட்டது. சாயங்காலம் வரை நின்று ஐந்து படம் விற்றேன். இப்படி விற்றால் நல்ல முகம் எல்லாம் முதலில் போய்விடும், யாரும் கேட்காத முகங்கள் டின்னில் தங்கிவிடும் என்று அன்றைக்குப் புரிந்தது.

அடுத்து நானா கடைக்குப் போனேன். நானா என்று எல்லோரும் கூப்பிடும் அந்த முஸ்லிம் பெரியவர் எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் வாப்பா காலத்திலிருந்தே மலாக்காவில் வியாபாரம். வீட்டு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சைக்கிள் வைத்திருந்தார். புதிதாக ஒன்று வாங்கியதால் பழையதை விற்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டின்னைத் திறந்து காட்டி, இதை வைத்துக்கொண்டு சைக்கிளைத் தருவீர்களா என்று கேட்டேன்.

நானா ஒரு படத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "என்னடா மவனே, இவன் நெத்தியில செவப்பா என்னமோ இருக்கு?"

"பொட்டு, நானா."

"வெள்ளக்காரனுக்குப் பொட்டா! ஒங்க வாப்பா இவனுக்குக் கல்யாணம் முடிச்சு வச்சாரா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் சில படங்களில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். நல்லா ஆடுகிறவனுக்கு அப்பா வைத்த மரியாதை என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை. நானா டின்னை மூடித் தள்ளினார்.

"சீனிக்கும் அரிசிக்கும் சுத்தக்கூட ஒதவாது இது. காசு கொண்டா, சைக்கிள எடுத்துட்டுப் போ. ஒன்னாந்தேதி வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். வாக்கு."

வாக்கு என்றால் நானாவுக்கு வாக்குத்தான். அதில் குறை சொல்ல முடியாது.

நாங்கள் குடியிருந்தது காஜா பெராங்கில் ஒரு மலாக்காச் செட்டியின் வீட்டுப் பின்கட்டில். வீட்டுக்காரர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டி கட்டுவார், விபூதி பூசுவார், அவர்கள் குடும்பக் கோயிலில் முதல் மரியாதை அவருக்குத்தான். ஆனால் அவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்து இங்கேயே கலந்துபோனவர்கள், தமிழ் பேச வராது. வீட்டில் அவர்கள் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். நான் அவரை மாமா என்பேன், அந்தச் சொல் அவர்களிடமும் உண்டு. அவர் என்னைத் தம்பி என்பார். மற்றதெல்லாம் மலாயில்தான், நான் தமிழாக்கிச் சொல்கிறேன்.

அவர் டின்னைக் கூடத்தில் கவிழ்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முதுகையும் வாசித்து, நம்பர் வாரியாகத் தரையில் அடுக்கினார். இரண்டு நாள் அடுக்கினார். இடையில் பூனை நடந்து போய் ஒரு வரிசையைக் கலைத்தது. மறுபடி அடுக்கினார்.

"தம்பி, இதை ஒண்ணொண்ணா வித்தது முட்டாத்தனம். இதோ பாரு, இந்தப் பழைய வரிசை. ஒண்ணுலேர்ந்து அம்பது வரைக்கும் ஒண்ணுகூட விடாம இருக்கு. முழுசா இருந்தாத்தான் இதுக்கு வெல. ஒண்ணு கொறஞ்சாலும் மத்த நாப்பத்தொம்போதும் கொறஞ்ச மாதிரி."

"யாரு மாமா வாங்குவா?"

"ரோடு போடுற இலாகாவுல ஒரு துரை இருக்காரு, ரோடு துரைன்னு சொல்லுவாங்க. கோர்ட்டுக்கு வருவாரு. சின்ன வயசுல இதே வரிசைய சேத்து வச்சு தொலைச்சிட்டாராம். சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாரு." பிறகு ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்து முகத்தைச் சுளித்தார். "ஆனா இது என்ன கறை? பழைய வரிசையில மட்டுந்தான், ஏழு படத்துல இருக்கு."

பின்கட்டில் உலக்கைச் சத்தம் நின்றது. அம்மா முந்தானையால் மூக்கை மூடியபடியே வாசற்படி வரை வந்தாள். மிளகாய் நெடி அவளோடு வந்தது.

"கறை இல்ல, அது செத்துப் போனவங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. சில நாள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் துரைமார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திடலில் சத்தம் இல்லாமல் நிற்பார்களாம். அப்பாவும் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று தலைப்பாகையைக் கழற்றிவிடுவார். பிறகு கிளப் பட்லரிடம் போய், யாருக்காக நின்றார்கள் என்று கேட்பார். இன்ன ஆட்டக்காரன் சீமையில் இறந்துவிட்டான், இன்னவன் சண்டையில் போய்விட்டான் என்று பட்லர் சொல்வார். மறு நாள் அப்பா படங்களை மடியில் கட்டிக்கொண்டு போய், இவனா, இவனா என்று பட்லரிடம் காட்டிக் கேட்டு வந்து, குளித்துவிட்டு அந்தப் படத்தின் நெற்றியில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைப்பார். வீட்டில் இறந்தவர் படத்துக்கு நாம் வைப்பது போலத்தான். "அங்க யாரு இருக்கா அவங்களுக்குப் பொட்டு வைக்க?" என்று அம்மாவிடம் சொல்வாராம்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழு படத்தையும் தனியாக எடுத்து ஒரு தாளில் மடித்து என்னிடம் கொடுத்தார்.

மறு நாள் மாலையில் மாமாவும் நானும் கிளப்பின் பின்பக்கத் தாழ்வாரத்தில் நின்றோம். ரோடு துரை வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பழைய வரிசையை வாங்கிப் பார்த்தார். அவரும் மலாயில்தான் பேசினார்; துரையை மலாயில் துவான் என்போம். தாளில் மடித்த அந்த ஏழு படத்துக்கு வந்ததும் நிறுத்தினார். இது என்ன என்றார். மாமா சொன்னார்.

துரை திடலைக் கை காட்டினார். "மாட்டுக்குக் காலில் சாக்குக் கட்டுவானே, அவனா?"

"ஆமாம் துவான். என் அப்பா."

"நாங்க நின்னப்போ அவனும் நின்னான். பார்த்திருக்கேன்."

பிறகு ஏழையும் மடியில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர் கடைசிப் படத்தில் சிரித்துவிட்டார். "இவன் சாகலியே! செத்தது இவன் அண்ணன். அண்ணன் படம் இந்த வரிசையில் கிடையாது. இவன் இன்னும் ஆடுறான்."

பட்லர் இரண்டு பேரையும் ஒருவராக நினைத்துவிட்டிருக்கிறார்.

துரை ஒரு தொகை சொன்னார். டின்னில் இருந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து. அது நானா சைக்கிளுக்குக் கேட்ட விலைக்கு அப்படியே பொருந்தியது. உடனே அவர் விரலைத் தூக்கினார். "அந்தப் பொட்டை எடுத்துடணும். ரொட்டியின் உள்பக்கத்தை உருட்டி மெதுவாத் தேய்ச்சா போயிடும், படம் கெடாது. சுத்தமா அம்பதும் வந்தா இந்த வெல. அந்த ஏழு இல்லாட்டி வெல கொறையும்." எவ்வளவு குறையும் என்றும் சொன்னார். அந்தக் குறைந்த விலைக்கு சைக்கிள் வராது.

அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. வாங்குகிறவர் அப்படித்தான் கேட்பார். அவர் தொலைத்த வரிசையில் பொட்டு இல்லையே.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா மற்றது எதையும் காதில் வாங்கவில்லை.

"உசுரோட இருக்கறவனுக்கா பொட்டு வச்சிட்டாரு? ஐயோ, எத்தன வருசமா? எடுடா, மொதல்ல அத எடு."

மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. மறு நாள் மத்தியானம், வெயில் பின்கட்டுக்குள் நன்றாக விழுகிற நேரத்தில், ஒரு ரொட்டி வாங்கிவந்து நடுவில் பிய்த்து உருட்டினேன். அந்த உயிரோடு இருக்கிற ஆட்டக்காரன் படத்தை அம்மா வாங்கிக்கொண்டாள். தானே தேய்த்தாள். துரை சொன்னது சரிதான். குங்குமம் ரொட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது, பிறகு சந்தனம் பொடியாக உதிர்ந்தது. நெற்றி கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அம்மா அந்தப் படத்தைப் பார்த்து, "நல்லா இருப்பா, ஒண்ணும் நெனச்சுக்காதே" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஆக, முடியும் என்று ஆகிவிட்டது. இன்னும் ஆறு. ஒரு மணி நேர வேலைகூட இல்லை. இரண்டாவது படத்தை நான் எடுத்தேன். எங்கிருந்து தேய்க்கலாம் என்று பார்க்க வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். குங்குமம் அதில் உதிர்ந்து போயிருந்தது. காய்ந்த சந்தனத்தில் விரல் ரேகை அப்படியே பதிந்து இருந்தது. அதன் நடுவே சரிவாக ஒரு கோடு.

அடுத்ததைப் பார்த்தேன். அதிலும் குங்குமத்தின் விளிம்பைத் தாண்டி அந்தக் கோடு. ஆறிலும்.

அம்மாவிடம் நீட்டினேன். அவள் கண்ணுக்கு அந்த அளவு தெரியாது. விரலால் தொடப் போனவள் தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

"என்னடா?"

"அப்பா வெரலு. அருவா வெட்டுன தழும்பு."

எங்களிடம் அப்பாவுக்குப் படம் கிடையாது. அந்தக் காலத்தில் படம் பிடித்துக்கொள்ள எங்களைப் போன்றவர்கள் யார் போனோம்? பதினாறாம் நாள் அன்றுகூட வெறும் விளக்கைத்தான் வைத்துக் கும்பிட்டோம்.

அம்மா அழிக்காதே என்று சொல்லவில்லை. அழி என்றும் சொல்லவில்லை. எனக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் அப்படியே செய்திருப்பேன். அவள் எழுந்து உரலுக்குப் போனாள். "ஒனக்கு வேல வேணும். நீ பாத்துச் செய்" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு. உலக்கை விழத் தொடங்கியது.

நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குச் சொல்கிறேன், ஒருதரம் தேய்க்கத்தான் கையைக் கொண்டுபோனேன். பெரட்டில் பேர் கூப்பிடும்போது என் இடத்தில் வேறு எவனோ 'இருக்கேன்' என்று சொல்வது காதில் கேட்டது. ஆனால் வெயில் அந்தப் பொட்டின் மேல் இருந்தது. கோடு தெளிவாகத் தெரிந்தது. வெயில் நகரும் வரை பொறுக்கலாம் என்று நினைத்தேன். வெயில் நகர்ந்த பிறகும் தேய்க்கவில்லை. ரொட்டியைப் பூனைக்குப் போட்டேன்.

மறு நாள் டின்னைத் துரையிடம் கொடுத்தேன். உயிரோடு இருக்கிறவனைச் சேர்த்து நாற்பத்து நாலு இருந்தது அந்த வரிசையில். அவர் எண்ணிப் பார்த்தார்.

"ஆறு எங்கே?"

"வீட்டிலேயே இருக்கட்டும் துவான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சொன்னபடி விலையைக் குறைத்துத்தான் கொடுத்தார். கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். துரைமார் எங்களுக்காக எழுந்து நிற்க மாட்டார்கள். அதனால் அது நினைவில் இருக்கிறது.

பணத்தை நானாவிடம் நீட்டினேன். கொறையுதே என்றார். ஆமாம் நானா என்றேன். நடந்ததைச் சொன்னேன். நானா மோவாயைத் தடவினார்.

"செத்தவனை வச்சுகிட்டு உசுரோட இருக்கறவனை வித்துட்டு வந்திருக்க. ஒன்னை எல்லாம் கடையில வச்சா மூணே நாள்ல மூடணும்." பிறகு உள்ளே போய் ஸ்பானரை எடுத்து வந்தார். முன் மட்கார்டைக் கழற்றினார். பின் மட்கார்டைக் கழற்றினார். விளக்கு, மணி, பின்னால் சாமான் வைக்கிற கம்பி எல்லாம் கழற்றி ஓரமாக அடுக்கினார். "இது கொறஞ்ச காசுக்கு. மிச்சம் ஓடும். போ."

ஒன்றாம் தேதி விடியுமுன் நல்ல மழை. மண் ரோடு முழுக்கச் செம்மண் சேறு. மட்கார்டு இல்லாத சக்கரம் சேற்றை வாரி என் முதுகில் அடித்தது, தலைமுடி வரைக்கும். பெரட்டில் போய் நின்றபோது பின்னால் நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தார்கள்.

"யாருடா இது, உழுதுட்டு நேரா வந்துட்டான்?" என்றது ஒரு குரல்.

"மாடு எங்கடா?" என்றது இன்னொன்று.

கங்காணி என்னையும் சைக்கிளையும் பார்த்தார். "சைக்கிளுன்னு சொன்னேன். இப்புடிச் சொல்லலியே" என்றார். ஆனால் பேரைக் கூப்பிட்டார். நான் இருக்கேன் என்றேன்.

ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி புத்தகத்தைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். என் இடது கட்டை விரலைப் பிடித்து மையில் உருட்டிப் புத்தகத்தில் அழுத்தினார். நான் குனிந்து பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன் போல. "என்னப்பா, சரியா விழுந்திருக்கு, போ" என்றார்.

அந்தப் புகைக்கூடத்தில் ஜப்பான்காரன் வரும் வரை வேலை செய்தேன். மட்கார்டு வாங்க எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது. அதுவரை தோட்டத்தில் என் பேர் சேத்துமுதுகன்.

அப்பாவின் முதல் தெவசத்துக்கு அம்மா இலை போட்டாள். விளக்குக்குப் பக்கத்தில் பித்தளைச் செம்பு, செம்பின் மேல் சாய்த்து ஆறு படம். மட்டையைப் பிடித்துக்கொண்டு ஆறு வெள்ளைக்காரர்கள். மாமா எட்டிப் பார்த்து மலாயில் கேட்டார், "யாருக்கு இன்னைக்கு விருந்து, இத்தனை துவான் வந்திருக்காங்க?"

"அவரு கூட்டாளிங்க" என்றாள் அம்மா.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார்.

மற்ற வீடுகளில் வருஷா வருஷம் படத்தைத் துடைத்துப் புதுப் பொட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டில் அது கிடையாது. தெவசத்தன்று அம்மா சந்தனம் அரைப்பாள், விளக்குக்கு வைப்பாள், செம்புக்கு வைப்பாள், எனக்கு வைப்பாள். படங்களுக்குப் பக்கத்தில் வந்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தைத் தூரமாகத் தள்ளி வைப்பாள்.